30 கிரெடிட் விலக்கு: பணம் எவ்வளவு மிச்சம்?

கல்விக் கண்காட்சி எதற்குப் போனாலும் தனியார் உயர்கல்விக்கூடங்களின் முகப்பில் ஓர் அட்டை தவறாமல் தொங்கும். 'டிப்ளோமா முடித்தவரா? 12 பாடங்கள் வரை விலக்கு. இரண்டே ஆண்டுகளில் டிகிரி!' அதன் கீழே கையில் பேனாவும் முகத்தில் சிரிப்புமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெற்றோர் உட்காருவதற்குள் பாரத்தில் பெயர் ஏறிவிடும்.

அந்த அட்டையில் இருப்பது பொய் என்று சொல்ல வரவில்லை. 'வரை' என்ற சொல்லைத்தான் யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

வானொலியில் மேற்கல்வி பற்றிப் பேசுகிற நாள்களில் வரும் குரல் பதிவுகளில் இந்தக் கேள்விதான் முன்னால் நிற்கிறது. "அக்கா, எனக்குப் பத்துப் பாடம் கழிச்சிட்டாங்க. அப்போ கால்வாசி காசு மிச்சந்தானே?" கேட்பவர்களில் பலர் எஸ்.பி.எம். முடித்து, டிப்ளோமா எடுத்து, வீட்டு நிலைமைக்காக வேலைக்குப் போனவர்கள். நான்கைந்து வருடம் கழித்து, பதவி உயர்வுக்கு டிகிரி வேண்டும் என்று மேலதிகாரி சொன்ன பிறகு மறுபடியும் யோசிக்கிறார்கள். இன்னும் சிலர் பிள்ளைக்காகக் கேட்கும் அம்மாக்கள். பத்துப் பாடம் கழிந்தது உண்மைதான். காசு கழிந்ததா என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை இந்த வாரம் போட்டுப் பார்ப்போம். கணக்குக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஊடகத் துறைக்கே படிக்க வருகிறோம் என்றாலும், இது கூட்டல் கழித்தல்தான்.

36 என்ற கூரை

முதலில் கிரெடிட் என்ன என்பது தெரிய வேண்டும். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமில்லை. வீட்டில் படிப்பது, இடுபணி எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120. இந்த அளவுகோல்களை வகுத்துக் கண்காணிப்பது மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ.

டிப்ளோமாவில் 90 கிரெடிட் எடுத்தாயிற்று, டிகிரிக்கு 120 தேவை, ஆகவே 30 எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு அப்படிப் போகாது. டிப்ளோமா ஒரு படி, டிகிரி அதற்கு மேல் படி. கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்குக் கொண்டுபோகும் கிரெடிட்டுக்கு வரம்பு உண்டு. டிகிரியின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு. 120 கிரெடிட் டிகிரி என்றால் 36. ஒரு பாடம் மூன்று கிரெடிட் என்று வைத்தால் 12 பாடம். கண்காட்சி அட்டையில் வரும் 12 பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

36 என்பது கூரை. எல்லாருக்கும் அது கிடைத்துவிடாது. கழிக்கப்படும் ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். டிப்ளோமாவில் அந்தப் பாடத்தில் குறைந்தது சி தேர்ச்சி இருக்க வேண்டும். பாடத்தின் உள்ளடக்கம் டிகிரிப் பாடத்தோடு 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும். கிரெடிட் மதிப்பும் ஈடாக இருக்க வேண்டும். தலைப்பு ஒன்றாக இருந்தால் போதாது. 'ஊடக எழுத்து' என்று இரண்டு இடத்திலும் பெயர் இருக்கும். ஓரிடத்தில் செய்தி எழுதக் கற்றுக்கொடுத்திருப்பார்கள், இன்னோரிடத்தில் விளம்பர வாசகம். பெயர் ஒத்தும் பாடம் கழியாது.

எம்.பி.யு. என்கிற பொதுப் பாடங்கள் தனி ரகம். டிப்ளோமாவில் ஒரு தொகுதி, டிகிரியில் வேறு தொகுதி. டிப்ளோமாவில் படித்ததைக் காட்டி டிகிரியில் வரும் 'பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான்' பாடத்திலிருந்து தப்ப முடியாது. ஆக, டிப்ளோமா சான்றிதழில் முப்பது பாடம் வரிசையாக நின்றாலும் கழிவதற்குத் தகுதி உள்ளவை அதில் பாதிதான் தேறும். அதிலும் சி-க்குக் கீழே போனவை உதிரும்.

'இரண்டே ஆண்டு' என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். முழு 36-உம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 84. மூன்று ஆண்டு டிகிரியில் ஆண்டுக்கு 40 கிரெடிட் என்பது சராசரி ஓட்டம். அந்த ஓட்டத்தில் 84-ஐ முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேலே கொஞ்சம் ஆகும். அட்டையில் இருப்பது, எல்லாம் சரியாக அமைந்து, ஒரு பாடத்திலும் தவறாமல், சராசரியைவிடச் சற்று வேகமாக ஓடுபவருக்கான காலம். 20 கிரெடிட் மட்டும் கழிந்தவருக்கு 100 மிச்சம். அது இரண்டரை ஆண்டு.

ஒரே விலக்கு, இரண்டு ரசீது

இப்போது பணம். ஓர் உதாரணம் எடுப்போம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் கல்விக்கூடத்தின் கட்டணத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ் காம் டிப்ளோமா முடித்த ஒரு தங்கை. இரண்டு பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கிறாள். இரண்டும் 120 கிரெடிட் டிகிரி. இரண்டிலும் ஆண்டுக்கு மூன்று செமஸ்டர், மொத்தம் ஒன்பது. இரண்டு இடத்திலும் அவளுக்குக் கழிந்தது 30 கிரெடிட், பத்துப் பாடம். முழுப் படிப்புக்கான கட்டணமும் ஏறத்தாழ ஒன்றே. முதல் பல்கலைக்கழகத்தில் 38,400 வெள்ளி, இரண்டாவதில் 38,700.

முதல் பல்கலைக்கழகம் கிரெடிட்டுக்கு 320 வெள்ளி என்று வாங்குகிறது. 30 கிரெடிட் கழிந்ததால் 9,600 வெள்ளி அப்படியே குறைகிறது. கிட்டத்தட்ட அவள் எதிர்பார்த்த அதே கால்வாசி. இதில் விலக்குக்கான பரிசீலனைக் கட்டணம் என்று கிரெடிட்டுக்கு 40 வெள்ளி கேட்டால் 1,200 திரும்பப் போகும். அப்படியும் 8,400 மிச்சம்.

இரண்டாவது பல்கலைக்கழகம் செமஸ்டருக்கு 4,300 வெள்ளி என்று மொத்தமாக வாங்குகிறது. அந்த செமஸ்டரில் ஐந்து பாடம் எடுத்தாலும் 4,300, இரண்டு பாடம் எடுத்தாலும் 4,300. இங்கே பத்துப் பாடம் கழிந்ததால் மட்டும் ஒரு காசும் குறையாது. செமஸ்டர் குறைந்தால்தான் குறையும். ஒன்பது ஏழானால் 8,600 மிச்சம். எட்டுதான் ஆனது என்றால் 4,300.

அதே தங்கை, அதே டிப்ளோமா, அதே பத்துப் பாடம். ஓரிடத்தில் 8,400, இன்னோரிடத்தில் அதில் பாதி. 'எத்தனை பாடம் கழிப்பீர்கள்' என்று கேட்கிற நாம், 'கட்டணம் கிரெடிட்டுக்கா, செமஸ்டருக்கா' என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதோடு சேர்ந்து வரும் சில்லறைகளையும் விடக்கூடாது. பதிவுக் கட்டணம், வளக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஸ்டூடியோ அல்லது ஆய்வுக்கூடக் கட்டணம், மாணவர் காப்புறுதி, பட்டமளிப்பு அங்கி. இவை பெரும்பாலும் பாடத்தைப் பார்த்து வருவதில்லை. செமஸ்டரைப் பார்த்தோ தலையைப் பார்த்தோ வரும். செமஸ்டருக்கு 700 என்று வைத்தாலும் ஏழு செமஸ்டருக்கு 4,900. ஏதோ சில்லறை என்று நினைத்தது ஒரு செமஸ்டரின் கட்டணத்தையே தாண்டிவிடுகிறது.

எட்டாவது செமஸ்டர் எங்கிருந்து வந்தது?

90 கிரெடிட்டை ஏழு செமஸ்டரில் முடிக்கலாம் என்று காகிதம் சொல்கிறது. நடப்பில் எட்டாவது ஆகிறது. ஏன்?

கழிகிற பாடங்கள் பெரும்பாலும் முதலாண்டுப் பாடங்கள். தொடர்பியல் அறிமுகம், ஊடக எழுத்து, அடிப்படைப் புகைப்படக் கலை போன்றவை. மிச்சம் இருப்பவை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. ஆய்வு முறையியல் தேறினால்தான் இறுதியாண்டுத் திட்டம் ஒன்று. அது முடிந்தால்தான் திட்டம் இரண்டு. எல்லாம் முடிந்த பிறகே தொழிற்பயிற்சி. நான்கு கண்ணி உள்ள இந்தச் சங்கிலிக்கு நான்கு செமஸ்டர் கட்டாயம். எத்தனை பாடம் கழித்தாலும் இதைச் சுருக்க முடியாது. சங்கிலியில் உள்ள ஒரு பாடம் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடத்தப்படுவதாக இருந்து, நீங்கள் சேர்ந்த மாதம் அதற்கு ஒரு மாதம் பிந்தியதாக இருந்தால், அடுத்த முறை வரும் வரை மற்றப் பாடங்களை வைத்து இழுத்தடிக்க வேண்டியதுதான். ஒரு செமஸ்டரில் இரண்டே பாடம் எடுத்துக்கொண்டு முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அந்த ஒரு கூடுதல் செமஸ்டரின் உண்மை விலை என்ன? கட்டணம் 4,300 என்று எழுதிவிட்டு நிறுத்துகிறோம். நான்கு மாதம் முன்னதாக முடித்திருந்தால் வேலைக்குப் போயிருக்கலாம். குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளியை வைத்தே பார்த்தாலும் அது 6,800. இரண்டையும் கூட்டினால் 11,100 வெள்ளி. அறை வாடகை, சாப்பாடு இரண்டையும் நான் சேர்க்கவே இல்லை; அவை படித்தாலும் உண்டு, வேலைக்குப் போனாலும் உண்டு. பத்துப் பாடத்தில் மிச்சப்படுத்திய தொகையை ஒரே ஒரு பாடம் வரிசை மாறி அமைந்ததில் இழந்துவிடலாம் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

அதனால் விலக்குப் பட்டியலை வாங்குவதோடு நிற்காமல், 'மீதிப் பாடங்களை எந்த செமஸ்டரில் எது என்று போட்டுக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். பட்டம் வாங்கும் மாதம் வரை. துறைத் தலைவரோ பாட ஒருங்கிணைப்பாளரோ பத்து நிமிடத்தில் போட்டுத் தரக்கூடியது அது. முகப்பில் உட்கார்ந்திருப்பவரால் முடியாது, அவர் வேலையும் அதுவல்ல. சேரும் மாதத்தை முடிவு செய்ய வேண்டியதும் அந்தத் தாளை வைத்துத்தான். சில வேளைகளில் மூன்று மாதம் காத்திருந்து அடுத்த சேர்க்கையில் நுழைபவர், அவசரமாக இப்போதே நுழைந்தவருக்கு முன் முடித்துவிடுவார். அந்த மூன்று மாதமும் சம்பளத்தோடு.

விலக்கை வேண்டாம் என்பவர்கள்

கழிந்த பாடத்துக்குப் பொதுவாக மதிப்பெண் ஏறாது. கிரெடிட் மட்டும் ஏறும். சராசரிப் புள்ளியைக் கணக்கிடும்போது அந்தப் பாடம் கண்ணுக்குத் தெரியாது. டிப்ளோமாவில் தட்டுத் தடுமாறிச் சி வாங்கியவருக்கு இது வரம். அந்தச் சி டிகிரியில் பின்தொடராது. ஆனால் முதல் வகுப்பு எட்ட வேண்டும் என்று இருப்பவருக்கு எளிய முதலாண்டுப் பாடங்கள் இல்லாமல் போய், கடினமான பாடங்களை மட்டும் வைத்துப் புள்ளியைத் தூக்க வேண்டியிருக்கும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பி.டி.பி.டி.என். கடன் வாங்கி முதல் வகுப்பில் இளங்கலைப் பட்டம் முடிப்பவர்களுக்கு, நிபந்தனைகளோடு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு. ஒரு பாட விலக்கை விட்டுக்கொடுத்துப் பெரிய கடன் விலக்கைப் பிடிக்கக்கூடிய மாணவரும் இருக்கிறார். எல்லாருக்கும் இது பொருந்தாது. டிப்ளோமாவில் 3.7-க்கு மேல் வைத்திருப்பவர் யோசிக்கலாம். 2.5 வைத்திருப்பவர் கிடைத்த விலக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போவதே புத்தி.

எந்தப் பையிலிருந்து?

நம் வீடுகளில் படிப்புச் செலவுக்கு முதலில் கை போவது அம்மாவின் நகைக்கு, அடுத்து அப்பாவின் இ.பி.எப். பணத்துக்கு. கடன் என்றால் அவமானம், சொந்தப் பணம் என்றால் கௌரவம். மனசு அப்படிச் சொல்கிறது, எண்கள் வேறு மாதிரி சொல்கின்றன.

பி.டி.பி.டி.என். கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, வாங்கிய தொகையின் மேல். 30,000 வெள்ளி வாங்கி 15 ஆண்டில் கட்டினால் ஆண்டுக்கு 300 வீதம் 4,500 கூடுதல். மொத்தம் 34,500, மாதம் ஏறக்குறைய 192 வெள்ளி.

அதே 30,000-ஐ அப்பாவின் சேமநிதியிலிருந்து எடுத்தால் வட்டி இல்லை என்று தோன்றும். 2024-ஆம் ஆண்டுக்கு இ.பி.எப். வழக்கமான சேமிப்புக்குத் தந்த லாப ஈவு 6.3 விழுக்காடு. ஆண்டுதோறும் ஈவு ஒன்றாக இருக்காது. ஆனால் அதே விகிதம் 15 ஆண்டு தொடர்ந்தால் அந்த 30,000 ஏறத்தாழ 75,000 ஆகியிருக்கும். மகள் 4,500 வெள்ளி கூடுதலாகக் கட்டுவதைத் தவிர்ப்பதற்காக அப்பா தன் முதுமையிலிருந்து 45,000 வெள்ளி வளர்ச்சியை விட்டுக்கொடுக்கிறார். அப்பாக்கள் இதைச் செய்வார்கள், கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். அதனால்தான் கேட்பதற்கு முன் பிள்ளைகள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இ.பி.எப். வேண்டவே வேண்டாம் என்பதில்லை. 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கல்விக்காக எடுப்பது அக்காவுன் செஜாத்ராவிலிருந்து. தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, ஏன், பெற்றோரின் படிப்புக்கும்கூட எடுக்கலாம். பி.டி.பி.டி.என். முழுக் கட்டணத்துக்கும் எட்டாமல் துண்டு விழும்போது அந்தத் துண்டுக்கு மட்டும் எடுப்பது பொருத்தம். கடன் பணம் பதிவு செய்து, ஒப்பந்தம் முடிந்த பிறகே வரும் என்பதால், முதல் செமஸ்டரின் முன்பணத்துக்குக் கையில் ரொக்கம் வேண்டும். பெரும்பாலோர் திணறுவது இந்த முதல் இரண்டு மாதத்தில்தான். நகை அடகுக் கடைக்குப் போவதும், கூட்டுப் பணத்தைத் தள்ளி எடுப்பதும் அப்போதுதான். சேர்க்கைக்கு ஆறு மாதம் முன்பே ஒரு செமஸ்டர் தொகையை ஒதுக்கி வைக்க முடிந்தால் மீதியைச் சமாளிக்கலாம். டிப்ளோமாவுக்கு வாங்கிய பழைய பி.டி.பி.டி.என். கடன் இருந்தால் அதை மறைத்துவிட்டுப் புதியதைக் கணக்குப் போடாதீர்கள். இரண்டும் ஒரே தோளில்தான் ஏறும். மறுபடி படிக்கும் காலத்துக்குப் பழைய கடனைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். தானாக நடக்காது.

வரிக்கழிவு பற்றி ஒரு குழப்பம் பரவலாக உண்டு. சொந்தப் படிப்புக்கு 7,000 வெள்ளி வரை கழிவு என்பது சரி. ஆனால் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான் எந்தத் துறையானாலும் கிடைக்கும். இளங்கலை என்றால் சட்டம், கணக்கியல், இஸ்லாமிய நிதி, தொழில்நுட்பம், தொழிற்கல்வி, அறிவியல் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும். வேலை செய்துகொண்டே மாஸ் காம் டிகிரி படிக்கிறவர் இதை நம்பிப் பட்ஜெட் போடக்கூடாது. கிடைக்கிறவருக்கும் 7,000 வெள்ளி கைக்கு வராது. வரிக்குரிய வருமானத்திலிருந்து அது குறையும், அவ்வளவுதான். 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு மிச்சம் 770 வெள்ளி, 6 விழுக்காட்டில் 420. பிள்ளை முழுநேரமாக உள்நாட்டில் டிப்ளோமா அல்லது டிகிரி படித்தால் பெற்றோருக்கு 8,000 வெள்ளி கழிவு இருக்கிறது. அதைப் பலர் மறந்து 2,000 மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

வேலையை விடாமல் படிப்பவர்கள்

வேலையில் இருப்பவர்களுக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பினாங்கின் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை பழகிய வழி. எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம் என்றால், விலக்கு நேரே பணமாக மாறும். சம்பளமும் நிற்காது. செலவாவது நேரம்.

அந்த நேரத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். ஒரு செமஸ்டரில் மூன்று பாடம், ஒன்பது கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி என்றால் 360 மணி. 15 வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரம் 24 மணி நேரம். எட்டு மணி வேலை நாள் மூன்று! ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் மூன்றாவது செமஸ்டரில் காணாமல் போவது இதனால்தான். பாதியில் விட்ட டிகிரியைப் போல விலையுயர்ந்தது வேறு எதுவுமில்லை. கட்டணம் போகும், கடன் நிற்கும், சான்றிதழ் வராது. இரண்டு பாடமாகக் குறைத்து நான்கரை ஐந்து ஆண்டில் முடிப்பதில் தப்பே இல்லை.

இவர்களுக்கு இன்னொரு கதவு ஏபெல். வேலை அனுபவத்தைக் கற்றலாக மதிப்பிடும் முறை. இதில் இரண்டு வகையைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, படிப்பில் நுழைவதற்கான ஏபெல். 21 வயதைத் தாண்டியவர்கள் எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா இல்லாமலே அனுபவத்தின் பேரில் டிகிரிக்கு விண்ணப்பிக்கலாம். மற்றது, சேர்ந்த பிறகு பாடத்தைக் கழிப்பதற்கான ஏபெல். சவால் தேர்வு எழுதியோ, செய்த வேலைகளைத் தொகுத்துக் கோப்பாகக் காட்டியோ 30 விழுக்காடு வரை கிரெடிட் பெறலாம். பத்தாண்டு கணக்குப் பிரிவில் உழைத்தவர் அடிப்படைக் கணக்கியல் பாடத்துக்கு வகுப்பில் உட்கார்ந்து காசு கட்ட வேண்டுமா என்ன? மதிப்பீட்டுக்கும் கட்டணம் உண்டு. அதைப் பாடக் கட்டணத்தோடு ஒப்பிட்டுவிட்டு இறங்குங்கள். டிப்ளோமா அளவுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் கைத்திறன் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர்; இந்தக் கதவை அவர்கள் தட்டுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

விலக்கே இல்லாத மலிவு

பொலிடெக்னிக்கிலோ அரசாங்கக் கல்லூரியிலோ டிப்ளோமா முடித்தவர்கள் யு.பி.யு. வழியாகப் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யலாம். தனியார் டிப்ளோமா உள்ளவர்களுக்கும் விண்ணப்ப வாய்ப்பு உண்டு. அந்த டிப்ளோமா அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அங்கே விலக்கு குறைவாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 'தனியாரில் 30 கிரெடிட் தருகிறார்கள், இங்கே ஒன்பதுதான்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அரசாங்க உதவித்தொகையால் அங்கே முழுப் படிப்புக்குமே கட்டணம் தனியாரின் ஒரு சிறு பங்குதான். விலக்கின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் தனியார் ஜெயிக்கும். கடைசியில் கட்டும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் கதை மாறும். ஒரு வருடம் கூடப் படிப்பதால் போகும் சம்பளத்தையும், விடுதி, பயணச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். அப்படியும் பல நேரங்களில் பொதுப் பல்கலைக்கழகமே தாழ்வாக வரும். இடம் கிடைப்பதுதான் கடினம், அது வேறு விவகாரம்.

இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கிரெடிட்டைக் கொண்டுபோகும் திட்டங்களும் நீண்ட காலமாக இருக்கின்றன. அங்கே எத்தனை ஏற்பார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தனியாக முடிவு செய்யும். ஏற்றுக்கொண்டாலும் பல இடங்களில் கடைசி 30 கிரெடிட்டையாவது தங்கள் வளாகத்தில் படிக்கச் சொல்வார்கள். வெள்ளியில் சேர்த்து டாலரில் கட்டும் பட்ஜெட்டுக்கு நாணய மாற்று ஏற்ற இறக்கத்துக்கென்று தனியாக ஒரு வரி வேண்டும்.

முன்பணத்துக்கு முன்

சேர முடிவெடுத்தவர்கள் முதலில் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள். உங்கள் டிப்ளோமா, சேரப்போகும் டிகிரி. இலவசம்தான். டிப்ளோமா அங்கீகாரம் பெறாததாக இருந்தால் கிரெடிட் பேச்சே எழாது. டிகிரி தற்காலிக அங்கீகாரத்தில் இருக்கிறதா, முழு அங்கீகாரத்திலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எழுத்து. 'உங்களுக்குப் பத்துப் பாடம் நிச்சயம்' என்று வாட்சாப்பில் வந்ததை வைத்து முன்பணம் கட்ட வேண்டாம். எந்தப் பாடத்துக்கு எது ஈடு, எத்தனை கிரெடிட், மீதி எத்தனை என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் கேளுங்கள். சேர்ந்த பிறகுதான் பரிசீலிப்போம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அப்படியானால் உத்தேச மதிப்பீடாவது எழுத்தில் வேண்டும். விலக்குக் குறைந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விலக்குக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியும் இருக்கும், பெரும்பாலும் முதல் செமஸ்டரின் தொடக்கத்திலேயே.

கடிதம் வாங்க உங்கள் கையில் இருக்க வேண்டியது மதிப்பெண் பட்டியல் மட்டுமில்லை. 80 விழுக்காடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டமும் தேவை. படித்த கல்லூரி மூடப்பட்டோ பெயர் மாறியோ போயிருந்தால் இதைத் தேடி அலைவதிலேயே மாதங்கள் ஓடும். இப்போது டிப்ளோமா படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள், மேலே படிக்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, கடைசி செமஸ்டரில் எல்லாப் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மின்பிரதி ஒன்றை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். மடிக்கணினி போனாலும் அது இருக்கும்.